கணனி வாங்கப் பம்பலப்பிட்டிக்கு

கோட்டைப் புகையிரத நிலையத்தில் கரையோரப் பாதை ரயிலில் ஏறினால் கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, அதற்கடுத்து பம்பலப்பிட்டி. வலது பக்க யன்னலோரம் இடம் கிடைத்தால் கடலைப் பார்த்துக்கொண்டே வந்து இறங்கலாம். நிலையத்திலிருந்து காலி வீதிப் பக்கமாக நடந்தால் மஜெஸ்டிக் சிட்டி. அதையொட்டி நிற்பதுதான் யுனிட்டி பிளாசா. புறக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வருவோருக்கு 100ஆம் இலக்கப் பாணந்துறை பஸ்ஸும் 101ஆம் இலக்க மொரட்டுவ பஸ்ஸும் இருக்கின்றன. போயா தினத்திலும் பொது விடுமுறையிலும் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வராதீர்கள்.

மஜெஸ்டிக் சிட்டிக்குப் பெண்களும் பிள்ளைகளும் உடுப்பு வாங்கவும் சாப்பிடவும் போவார்கள். யுனிட்டி பிளாசாவின் முகம் வேறு. மாடிக்கு மாடி கணனிக் கடைகள். பழுதான மடிக்கணனியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கும் கந்தோர்க்காரர், பிரிண்டருக்கு மை தேடும் பாடசாலை எழுதுவினைஞர், இவர்களுக்கு நடுவே கையில் தொலைபேசியும் அதில் ஒரு பட்டியலுமாக அலையும் பதினாறு பதினேழு வயதுப் பையன்கள். அந்தப் பையன்களுக்குப் பின்னால் இரண்டடி தள்ளி ஒரு வாப்பா நிற்பார். இந்தக் கட்டுரை அவருக்காகத்தான்.

அன்பு வாசகரே, அந்த வாப்பாவை நீங்கள் அறிவீர்கள். ஒருவேளை நீங்களே அவராக இருக்கலாம். பரீட்சை முடிந்தால் விளையாட்டுக்கு ஏற்ற கணனி ஒன்று எடுத்துத் தருவதாக மகனுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. உம்மா சீட்டுப் போட்டுச் சேர்த்த காசு சட்டைப் பையில் இருக்கிறது. கடைப் பையனும் மகனும் பேசுவது முழுக்க இலக்கமாகவே இருக்கிறது. "மகன், இதுல எது என்னத்துக்கு?" என்று கேட்டால், "அது வேணும் வாப்பா" என்பதோடு பதில் முடிந்துவிடுகிறது. பத்து நிமிடத்தில் கடைக்காரர் கொட்டேஷன் என்ற விலைக் குறிப்பை அச்சிட்டு நீட்டுகிறார். வாப்பா கடைசி வரியில் உள்ள மொத்தத் தொகையை மட்டும் பார்க்கிறார். பார்க்க வேண்டியது மற்ற வரிகளை.

கொட்டேஷனுக்குக் காசு கேட்க மாட்டார்கள். ஆகவே ஒன்றோடு நிற்காமல் மூன்று நான்கு கடைகளில் வாங்குங்கள். பிறகு ஓர் ஓரமாக அமர்ந்து ஒரு தேநீரோடு அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். விலையில் 18 வீத வற் வரி அடங்குமா, அந்த விலை எத்தனை நாளுக்குச் செல்லும் என்பவற்றையும் கேளுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலருக்கு 200 ரூபா அளவில் இருந்தது, இரண்டு மாதத்துக்குள் 350ஐத் தாண்டியது. அந்த நாட்களில் காலையில் வாங்கிய கொட்டேஷன் மாலையில் செல்லாமற் போயிற்று. 2025இன் கடைசி மாதங்களில் ரேமின் விலை அப்படித்தான் ஏறியது. எனவே இங்கே நான் விலை எழுதப் போவதில்லை. எழுதினால் இதழ் உங்கள் கைக்கு வருமுன் பிழைத்துவிடும்.

கொட்டேஷனுக்கு முன்னால் மகனிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. என்ன விளையாடப் போகிறாய்? இந்தக் கேள்வியில் பாதிச் செலவு தீர்மானமாகிறது. வெலோரன்ட் போன்ற விளையாட்டுக்கள் இலவசம், பாரமும் குறைவு. அவற்றுக்குத் தனியான கிராபிக்ஸ் கார்ட் இல்லாமலே ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி போன்ற ஒரு புரொசெசர் போதும். படம் வரையும் வேலையை அதுவே செய்துவிடும். கவுன்டர் ஸ்ட்ரைக் 2உம் இலவசந்தான், ஆனால் அதற்குக் கொஞ்சம் கூடுதல் பலம் வேண்டும். புதிதாக வரும் பெரிய பெரிய கதை விளையாட்டுக்களுக்குக் கார்ட் இல்லாமல் சரிவராது.

அந்தப் பெயரின் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். அரபியில் ஒரு புள்ளி இடம் மாறினால் சொல்லே வேறாகிவிடும் என்பது ஓதிய பிள்ளைகளுக்குத் தெரியும். இங்கும் அதே கதைதான். 5600ஜி என்றால் உள்ளே கிராபிக்ஸ் உண்டு. வெறும் 5600 என்றால் இல்லை, ஆனால் உள்நினைவகம் 16 மெகாபைட்டுக்குப் பதில் 32. கார்ட் போடுவதென்று முடிவு செய்தவருக்கு அதுவே மேல். இன்டெலின் கோர் ஐ3 12100எஃப் என்பதிலும் எஃப் என்ற எழுத்து உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்பதைக் குறிக்கும். கார்ட் இல்லாமல் இதை வாங்கிப் போனால் வீட்டில் திரை கறுப்பாகவே இருக்கும்.

இன்னொரு பெயர் மயக்கம் பழைய கார்ட்களில் உண்டு. 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1060 இரண்டு வகை, 6 ஜிபி ஒன்று, 3 ஜிபி ஒன்று. வித்தியாசம் நினைவகத்தில் மட்டுமென்று வாங்குவோர் நினைத்தார்கள். உள்ளே வேலை செய்யும் கருக்களும் 1280க்குப் பதில் 1152தான். ஆர்எக்ஸ் 580 என்ற கார்ட்டிலும் 2048எஸ்பி என்று வால் வைத்த ஒன்று பின்னர் வந்தது. முதலாவதில் 2304 கருக்கள், வால் வைத்ததில் 2048. பெட்டியின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் 580 என்றே இருக்கும்.

பாவித்த கார்ட் வாங்கக் கூடாதென்று நான் சொல்லவில்லை. சிக்கனமாகக் கணனி அமைப்பவருக்கு அது நல்ல வழிகளில் ஒன்று. ஆனால் சந்தையில் இருப்பவற்றில் பல ஒரு காலத்தில் இரவு பகலாக எதேரியம் தோண்டியவை. 2022 செப்டெம்பர் 15இல் எதேரியம் தனது முறையை மாற்றியதும் அந்த வேலை நின்றுபோய், உலகெங்கும் அவை விற்பனைக்கு வந்தன. அப்படி உழைத்ததெல்லாம் பழுதென்றில்லை. கண் முன்னாலே அரை மணி நேரம் ஒரு பாரமான விளையாட்டை ஓடவிடச் சொல்லுங்கள். விசிறி உறுமுகிறதா, திரையில் கோடு விழுகிறதா என்று பாருங்கள். ஓடவிட மறுப்பவரிடம் விலை பேசாதீர்கள். புதிதாக வாங்குவோரிடம் சில வருடங்களாகப் பெயர் வாங்கியது 2021இல் வெளிவந்த ஆர்எக்ஸ் 6600. 8 ஜிபி நினைவகம், சாதாரண 1080 திரைக்குத் தாராளம். மின்சாரமும் 132 வோட்தான் இழுக்கும்.

மின்சாரம் என்றதும் நான் சொல்ல வந்த முக்கிய விடயத்துக்கு வந்துவிட்டேன். கொட்டேஷனில் மிகவும் கீழே, "கேசிங், பவர் சப்ளையுடன்" என்று ஒரு வரி இருக்கும். விலை மலிவு. பக்கவாட்டில் கண்ணாடி, முன்னால் வானவில் நிறத்தில் விசிறி. பையனின் கண் அந்த வெளிச்சத்தில் நிற்கும்போது உள்ளே இருக்கும் பெயரில்லாத பவர் சப்ளையை எவரும் கேட்பதில்லை. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை வாங்கி, மற்ற அத்தனை பாகத்துக்கும் ஊட்டுவது அதுதான். அது கெட்டால் தனியே கெடாது. மதர்போட்டையும் கார்ட்டையும் சேர்த்துக் கொண்டுபோகக் கூடும்.

அதன் மேல் 600 வோட் என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். பெட்டியைத் திருப்பி, ஒட்டியிருக்கும் தாளில் 12 வோல்ட் என்ற கட்டத்தைத் தேடுங்கள். அதன் கீழ் அம்பியர் இருக்கும். இரண்டையும் பெருக்குங்கள். 38 அம்பியர் என்றால் 456 வோட், சரியான சாமான். 20 அம்பியர் என்றால் 240 வோட்தான், மேலே என்ன எழுதியிருந்தாலும். நான்காம் வகுப்புக் கணக்கு இது, கடையில் நின்றபடியே செய்யலாம். 80 பிளஸ் என்ற முத்திரை சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் போகிறது என்பதைச் சொல்வது. அது இருப்பது நல்லது. ஆனால் அது பாதுகாப்புக்கான சான்றிதழ் அல்ல. மேலே சொன்ன ரைசனும் ஆர்எக்ஸ் 6600உம் சேர்ந்தாலும் 300 வோட்டுக்குள் அடங்கும். ஆகவே பெயர் தெரிந்த கம்பனியின் 500 அல்லது 550 வோட் போதும். 750 என்று தலையில் கட்டப் பார்த்தால் வேண்டாமென்று சொல்லுங்கள். காசு பற்றாவிட்டால் கண்ணாடிக் கேசிங்கை விட்டுவிட்டுச் சாதாரணத் தகரப் பெட்டி எடுங்கள். மகன் முகம் வாடும். அடுத்த வருடம் பெட்டியை மாற்றிக்கொள்ளலாம், உள்ளே இருப்பவை இருக்கும்.

மற்ற வரிகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். ரேம் 16 ஜிபி வேண்டும், ஒரே துண்டாக அல்ல, எட்டும் எட்டுமாக இரண்டு. அப்போது இரண்டு வழியாலும் தரவு போகும், கார்ட் இல்லாத கணனியில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். மதர்போட்டில் ஏஎம்4 என்பது 2016இல் வந்த பழைய அடித்தளம், மலிவு. 2022இல் வந்த ஏஎம்5 டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும், விலை கூட, ஆனால் பின்னாளில் புரொசெசர் மாற்ற வழி இருக்கும். கையில் இருப்பது குறைவென்றால் ஏஎம்4இல் வெட்கமில்லை. சேமிப்புக்கு எஸ்எஸ்டி. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் போடச் சொன்னால் கேட்க வேண்டாம்.

காசு கொடுக்குமுன் பில்லின் அடியில் உள்ள சிறிய எழுத்தைப் படியுங்கள். சில பில்களில் ஒரு வருட வாரண்டி என்றால் 350 நாள் என்று அச்சிட்டிருப்பார்கள். மின்னல், எரிந்த அடையாளம் இவற்றுக்கு வாரண்டி இல்லை என்றும் இருக்கும். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி விழும் ஊர்க்காரர்கள், இடி முழங்கும்போது பிளக்கைக் கழற்றி வைக்கும் பழக்கத்தைப் பிள்ளைக்குப் பழக்க வேண்டும். நில இணைப்பு இல்லாத பழைய சுவர்ப் பிளக்கில் கொழுவவே கூடாது. முதலில் மின்னியலாளரைக் கூப்பிடுங்கள்.

கடையிலேயே பூட்டித் தருவார்கள். பையன் தானே பூட்ட ஆசைப்பட்டால் விடுங்கள், ஒரு ஸ்குரூ டிரைவர் போதும். கொட்டேஷனில் உள்ள அதே பாகங்கள்தானா என்று பெட்டி பெட்டியாக ஒத்துப் பார்த்து, அந்தப் பெட்டிகளை வாரண்டி முடியும் வரை அலுமாரிக்கு மேல் வைத்திருங்கள். திரையின் கேபிளை மதர்போட்டில் அல்ல, கிராபிக்ஸ் கார்ட்டின் பின்பக்கத்தில் குத்தச் சொல்லுங்கள். முதல் நாளே பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி என்பதைத் திறக்காவிட்டால் 3200 என்று காசு கொடுத்த ரேம் அதைவிடக் குறைந்த வேகத்தில்தான் ஓடும். 144 ஹேர்ட்ஸ் திரை எடுத்திருந்தால் விண்டோஸில் அதை ஒருமுறை பாருங்கள், பெரும்பாலும் 60இலேயே நிற்கும்.