சட்டையைப் பார்த்துத் திறக்கும் கதவு

கோலாலம்பூரின் இரவு இப்போது இளகிவிட்டது. சனிக்கிழமை இரவில் சங்காட் புக்கிட் பிந்தாங் தெருவில் நடந்து பாருங்கள். டீ-சட்டையும் அரைக்கால் சட்டையுமாகப் பிள்ளைகள் மதுக்கூடங்களுக்குள் போய் வருகிறார்கள். காலர் சட்டையும் தோல் சப்பாத்தும் இருந்தால்தான் அனுமதி என்ற கெடுபிடி குறைந்து வருகிறது. அமெரிக்காவிலும் இதே கதைதான். நியூயார்க்கின் பெயர்பெற்ற '21 கிளப்' உணவகமே, இரவு விருந்துக்கு டை கட்டாயம் என்ற விதியை 2009-இல் கைவிட்டது. கேரி தீவுத் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். இந்த மாற்றத்தை மனதார வரவேற்கிறேன்.

எட்வர்ட் வாலண்டைன் கேரி என்ற துரையின் பெயரைச் சுமக்கும் தீவு எங்களுடையது. துரைமார் காலத்தில் உடை வெறும் உடையாக இருக்கவில்லை. யார் எங்கே நிற்கலாம், யார் முன் உட்காரலாம் என்ற பெரிய கணக்கில் அது ஒரு பகுதி. கோலாலம்பூரில் 1890-இல் தொடங்கிய லேக் கிளப் ஐரோப்பியருக்கு மட்டுமானது. எவ்வளவு நல்ல கோட்டு போட்டுப் போனாலும் தமிழனுக்கு அங்கே இடமில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் தலைமையில் வேலைநிறுத்தம் வெடித்தது. சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், பிள்ளைகளுக்கு நல்ல கல்வி வேண்டும் என்று கேட்டவர்கள் இன்னொன்றும் கேட்டார்கள்: துரையும் கிராணியும் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம். கூலியோடு சேர்த்துக் கேட்கும் அளவுக்கு அந்த அவமானம் உறுத்தியிருக்கிறது. நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். படை வந்தது, தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

வெள்ளைக்காரன் போன பிறகும் அந்தக் கணக்கு முடியவில்லை. 2014 ஜூலையில் சென்னை சேப்பாக்கத்தில், தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் நடந்த நூல் வெளியீட்டு விழாவுக்கு வேட்டியில் வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனை வாசலிலேயே தடுத்தார்கள். தமிழ்நாட்டின் தலைநகரில் வேட்டி கண்ணியமான உடை இல்லையாம்! மக்கள் கொதித்தார்கள். அடுத்த மாதமே சட்டமன்றம் சட்டம் இயற்றியது. வேட்டி கட்டியவரை இப்படித் தடுக்கும் மன்றங்களுக்கு உரிமம் ரத்தாகும், பொறுப்பானவருக்கு ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு என்று அது சொன்னது. அந்தச் செய்தியைப் படித்த நாளில் எனக்குத் தோட்டத்துப் பெரியவர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

ஏனென்றால், அவர்களைப் போல உடைக்கு மரியாதை தந்தவர்களை நான் பார்த்ததில்லை. வாரம் முழுதும் சேறும் செம்பனை முள்ளுமாகக் கிடந்தவர்கள், கோயில் திருவிழா என்றால் கரிப்பெட்டியில் மடிப்புக் கலையாமல் தேய்த்த வெள்ளைச் சட்டையில் வருவார்கள். கிள்ளானுக்குப் படம் பார்க்கப் போகும் இளவட்டங்கள் அரைமணி நேரம் கண்ணாடி முன் நிற்பார்கள். எந்த வாசல்காரனும் அதைக் கேட்கவில்லை. அதே தீவில் வாழும் மா மெரி பழங்குடியினரும் முன்னோர் வழிபாட்டு நாளில் ஓலையில் முடைந்த அணிகளைப் பூண்டு ஆடுகிறார்கள். தன் சந்தோஷத்துக்கும் தன் தெய்வத்துக்கும் உடுத்துவது மனிதனின் பெருமை. அதை விதி தளர்ந்ததோடு நாமும் தளரவிட்டுவிடக் கூடாது.

இன்னொரு கவலையும் உண்டு. பலகையில் எழுதிய விதி போனதும், எழுதாத விதி அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 1977-இல் நியூயார்க்கில் திறந்த 'ஸ்டூடியோ 54' நடன விடுதியின் வாசலில் அதன் உரிமையாளர்களில் ஒருவரான ஸ்டீவ் ரூபெல் தானே நின்று, கூட்டத்தில் பிடித்தவர்களை மட்டும் பொறுக்கி உள்ளே அனுப்பினார். அங்கே கோட்டு போட்டவனும் திரும்பிப் போக வேண்டியிருந்தது. டை கட்டாயம் என்றால் ஏழை ஒரு டையை இரவல் வாங்கிக் கட்டிக்கொள்ளலாம். '21 கிளப்' கோட்டு இல்லாமல் வந்தவருக்குத் தானே கோட்டு இரவல் கொடுத்தது. வாசலில் நிற்பவரின் கண்ணுக்குப் பிடிக்க வேண்டும் என்றால் அந்த ஏழை எதை இரவல் வாங்குவான்? ஆயிரம் ரிங்கிட் விளையாட்டுச் சப்பாத்து தாராளமாக உள்ளே போகிறது. வேலை முடித்து ஜப்பான் சிலிப்பரோடு வருபவன் வெளியே நிற்கிறான். இரண்டுமே பழைய விதிப்படி தள்ளுபடியானவைதான்.

ஆகவே, விதியே வேண்டாம் என்று சொல்லி நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கின் விடுதிக்காரர்கள் தங்கள் விதி எதுவானாலும் வாசலில் எல்லாருக்கும் புரியும் மொழியில் எழுதி வைக்கட்டும், காரணத்தோடு. காரணம் சொல்ல முடியாத விதியை எடுத்துவிடட்டும். தோட்டத்துப் பிள்ளை வேட்டியில் வந்தாலும், முதலாளி மகன் அரைக்கால் சட்டையில் வந்தாலும், அந்தப் பலகை ஒரே பதிலைச் சொல்ல வேண்டும்.