எந்த லயம்?

ஜூலை 5, 2025. சனி

பழைய ரப்பர்த் தோட்டப் படங்களைத் தேடிச் சேர்ப்பவர்களின் புலன (வாட்ஸ்அப்) குழு அது. அட்மின், ஈப்போ புந்தோங்கில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. சுங்கை சிப்புட், செம்மோர், பத்து காஜா, தாப்பா பக்கத்துத் தோட்டங்களில் பிறந்து, தோட்டம் துண்டாடப்பட்ட பிறகோ செம்பனைக்கு மாறிய பிறகோ டவுனுக்கு வந்து சேர்ந்தவர்கள்தாம் பெரும்பாலும் உறுப்பினர்கள். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களம், பால் ஸ்டோர், கித்தா மரத்தில் பால் பிடிக்கக் கட்டிய மங்கு, மாரியம்மன் கோயில் திருவிழா, எது கிடைத்தாலும் போடுவார்கள். இளையவர்கள் தட்டச்சு செய்வார்கள். பெரியவர்கள் குரல்பதிவில் பேசித் தள்ளுவார்கள்.

இன்று மாலை வந்த படத்தில், ஸ்டோர் வாசலில் வாளிகளோடு பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். "ரெண்டாவதா நிக்கிறது நான்தான்" என்று எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா பேசத் தொடங்கினார். விடியுமுன் பெரட்டுக்கு ஓடியது, முதல் நாள் பட்டையில் காய்ந்த ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போட்டது, மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் அன்றைக்குச் சம்பளம் எப்படி என்ற கவலை. நல்ல பதிவு.

அதன் கீழே புதிதாகச் சேர்ந்த ஒருவர், வெகு பணிவாக: "அருமை அம்மா. உங்க குடும்பம் எந்த லயத்துல இருந்துச்சு? மேல் லயமா, கீழ் லயமா?" பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம். இன்னொருவர் அதற்குக் கைதட்டும் ஸ்டிக்கர் போட்டார்.

வெளியாள் படித்தால் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் காலத்தில் பல தோட்டங்களில் வரிசை வீடுகளை, அதாவது லயங்களை, சாதிக்கொன்றாகப் பிரித்துத்தான் ஆட்களைக் குடிவைத்தார்கள். தோட்டத்தில் வளர்ந்த ஒருவரிடம் எந்த லயம் என்று கேட்பதற்கும் நீ என்ன ஆள் என்று கேட்பதற்கும் அதிக தூரமில்லை. அந்த அம்மா பதில் போடவில்லை.

ஜூலை 6. ஞாயிறு

ஆசிரியைக்குப் புகார்கள் வந்தன. எல்லாம் வேறோர் ஆளைப் பற்றி.

குழுவில் ஒரு பழைய தோட்ட ஆபீஸ் கிராணி இருக்கிறார். முசுடு. யார் எந்த ஆண்டைச் சொன்னாலும் "தப்பு" என்றுதான் ஆரம்பிப்பார். சென்ற மாதம் ஒருவர், 1948 ஜூன் 16 அன்று மூன்று வெள்ளைத் துரைகளும் எல்ஃபில் தோட்டத்திலேயே சுடப்பட்டதாக ஒரு படத்தின் கீழ் எழுதிவிட்டார். கிராணி விடவில்லை. எல்ஃபிலில் சுடப்பட்டவர் ஆர்தர் வாக்கர் ஒருவர்தான்; ஜான் அல்லிசனும் இயன் கிறிஸ்டியனும் சுடப்பட்டது அதே சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இன்னொரு தோட்டத்தில்; அவசரகாலச் சட்டம் வரக் காரணமான சம்பவத்தையே இப்படிக் குழப்பினால் எப்படி என்று இரவெல்லாம் சண்டை. சொன்ன விதம் மோசம், சொன்னது சரி. படக்குறிப்பு திருத்தப்பட்டது.

"அவர எடுத்துடுங்க டீச்சர், மரியாதை தெரியல" என்கிறார்கள். பணிவான புதியவரைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. எரிச்சல் மூட்டுகிறவன் சட்டென்று கண்ணில் படுகிறான். வம்பு செய்யவே வந்தவன் "அம்மா, ஐயா" போட்டுத்தான் பேசுவான்.

ஜூலை 8. செவ்வாய்

விஷயம் புரிந்த இரண்டொருவர் ஆசிரியையைத் தனியாக அழைத்தார்கள். அவர்கள் யோசனை ஒன்றுதான்: "கண்டுக்காதீங்க, தானா போயிடுவான்."

இணையத்தின் மிகப் பழைய அறிவுரை இது. 1993இல் யூஸ்நெட்டில் பூனை வளர்ப்பவர்கள் கூடும் குழுவுக்குள், அருவருப்பைப் பொழுதுபோக்காக வைத்திருந்த இன்னொரு குழுவினர் புகுந்தார்கள். பூனைத் தொல்லைக்கு யோசனை கேட்கும் அப்பாவிகள் போலத்தான் வந்தார்கள். நல்ல மனதோடு பதில் சொன்னவர்களுக்குக் கிடைத்தது, பூனைகளைக் கொல்வது பற்றிய கேலியும் வக்கிரமும். வயர்டு இதழ் மறு ஆண்டே இதை நீண்ட கட்டுரையாக எழுதியது. வம்பர்களின் பெயரைக் 'கில்ஃபைல்' என்ற பட்டியலில் போட்டுவிட்டால் அவர்கள் எழுதுவது நம் திரையில் வராது என்பதுதான் அன்றைய வைத்தியம்.

அந்த வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குச் சுகம். அடிபட்டவருக்கோ, தன்னைக் கேட்ட கேள்வி அங்கேயே கிடக்கிறது, நூறு பேர் படித்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார்கள் என்பதுதான் தெரியும். அவருடைய கணக்கில் அந்த நூறு பேரும் கேட்டவனோடு சேர்ந்தவர்கள்.

2022 முதல், புலனத்தில் யார் குழுவை விட்டுப் போனாலும் எல்லோருக்கும் அறிவிப்பு வராது. அட்மினுக்கு மட்டும் தெரியும். விலகியவர்கள் பட்டியல் 60 நாள் வரை உள்ளே இருக்கும், தேடிப் பார்த்தால். படம், பேச்சு என்று குவியும் இடத்தில் அட்மின் கண்ணுக்கே அந்த ஒற்றை வரி தப்பிவிடும். ஆசிரியை இன்று பட்டியலைத் திறந்தார். ஸ்டோர் வாசல் அம்மாவின் பெயர் அதில் இருந்தது. கூடவே, முன்பு லயத்து வாழ்க்கையை விரிவாகப் பேசிய இன்னும் சிலர்.

ஜூலை 11. வெள்ளி

மலேசியத் தண்டனைச் சட்டத்தில் பகடிவதைக்கான புதிய பிரிவுகள் இன்று நடப்புக்கு வந்தன: 507பி முதல் 507ஜி வரை. மிரட்டல், இழிவுபடுத்துதல், ஒருவரின் அடையாள விவரங்களைத் தீய நோக்கத்தோடு பரப்புதல் எல்லாம் இவற்றுக்குள் வருகின்றன. தூண்டுதலால் ஒருவர் தற்கொலை செய்துகொண்டால் பத்து ஆண்டு வரை சிறை.

இதற்குப் பின்னால் இருக்கும் பெயர்களில் ஒன்று மலேசியத் தமிழர்களுக்கு நன்றாகத் தெரியும். டிக்டாக்கில் ஏஷா என்று அறியப்பட்ட ராஜேஸ்வரி அப்பாஹு, தமக்கு வந்த மிரட்டல்கள் குறித்துப் போலீசில் புகார் கொடுத்த மறுநாள், 2024 ஜூலை 5 அன்று கோலாலம்பூரில் இறந்து கிடந்தார். இது தொடர்பான வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒரு பெண்ணுக்கு, 1955ஆம் ஆண்டின் சிறு குற்றங்கள் சட்டப்படி 100 வெள்ளி அபராதம். அந்தப் பிரிவில் அதற்குமேல் போட வழியும் இல்லை. கேட்டவர்கள் கொதித்தார்கள்.

ஆனால் "எந்த லயம்?" என்ற கேள்விக்கு எந்தப் பிரிவில் புகார் கொடுப்பது? காவல் நிலையத்தில் இதை விளக்கவே அரை நாள் ஆகும். குழுவுக்குள் நடப்பதைக் குழுதான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஜூலை 13. ஞாயிறு

ஆசிரியை காலையிலேயே உட்கார்ந்துவிட்டார். அட்மின் என்ற முறையில் அந்தக் கேள்வியை எல்லோர் திரையிலிருந்தும் அழித்தார். கேட்டவரையும் நீக்கினார். சத்தமில்லாமல் செய்யவில்லை, காரணத்தைக் குழுவிலேயே எழுதினார்: "லயத்தைக் கேட்டுச் சாதி தேடுபவர்களுக்கு இங்கே இடமில்லை." இனிப் புதியவர்கள் அட்மின் அனுமதித்தால்தான் உள்ளே வர முடியும். கிராணி இருப்பார்; ஆனால் "தப்பு" என்று ஆரம்பிக்கக் கூடாது என்று அவருக்குத் தனியே ஒரு செய்தி போனது. "சரி டீச்சர், முயற்சி பண்றேன்" என்று பதில்.

பிறகு அந்த அம்மாவுக்குப் போன் செய்தார். திரும்பி வர மாட்டேன் என்றார் அவர், கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வேண்டுமானால் ஆசிரியையின் எண்ணுக்கே பேசி அனுப்புவதாகவும், பேர் போடாமல் பகிரலாம் என்றும் சொன்னார்.

மதியமே முதல் பதிவு வந்தது. வெயில் ஏறினால் பால் திரிந்துபோகும் என்று வாளியில் அமோனியா ஊற்றிய கதை. குழுவில் போட்ட ஐந்தாவது நிமிடம் கிராணி வந்துவிட்டார்: "மன்னிக்கணும். அமோனியா வாளிக்கு இல்ல. மங்குல சில சொட்டு விடுறதுதான் முறை."

ஆசிரியை அதை அப்படியே அந்த அம்மாவுக்கு அனுப்பினார். உடனே ஒரு குரல்பதிவு: "அவரு ஆபீஸ்ல கணக்கு எழுதுனவரு. பால் வெட்டுனது யாருன்னு கேளுங்க டீச்சர்."