பாரதி சொல்லாத வரி

டெல்லியில் ஒரு பள்ளிக்கூடத்தின் அறிவிப்புப் பலகையில், பாரதியார் பெயருக்கு மேலே நான் எழுதிய வாக்கியம் ஒன்று இருந்தது. 'இன்றைய சிந்தனை' என்ற தலைப்பு. அழகான கையெழுத்து. பெருமைப்பட்டிருக்கலாம். எனக்கு வியர்த்துவிட்டது.

நடந்தது இதுதான். பெண் கல்வி பற்றிய ஓர் ஆங்கிலக் கட்டுரையை ஒரு பத்திரிகைக்காகத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். அதில் பாரதியின் உரைநடையிலிருந்து ஒரு மேற்கோள், ஆங்கிலத்தில். தமிழில் எழுதியவரை ஆங்கிலம் வழியாகத் திரும்பவும் தமிழுக்குக் கொண்டுவரக் கூடாது என்பது மொழிபெயர்ப்பவனுக்குத் தெரியாதா? தமிழில் முதுகலை படித்தவனுக்கு நன்றாகவே தெரியும். மூல வரிக்காக இணையத்தில் இரண்டு முறை தேடினேன். கிடைக்கவில்லை. மாலை ஆறு மணிக்குள் பக்கம் முடிய வேண்டும். இப்படித்தான் சொல்லியிருப்பார் என்று நானே ஒரு வாக்கியம் எழுதி, மேற்கோள்குறிக்குள் போட்டுவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து அந்தப் பள்ளியின் நூலகரிடமிருந்து ஃபோன் வந்தது. "சார், உங்க கட்டுரையில இருக்கிற பாரதி வரி எந்தப் புத்தகத்துல வருது? பிள்ளைங்க போர்டுல எழுதியிருக்காங்க. கீழே புத்தகம் பேர் போடணும்." சமாளித்துப் பார்த்தேன். அவர் விடுவதாக இல்லை. மறுநாள் நேரில் போனேன். போனதும் கண்ணில் பட்டது அந்தப் பலகை.

ஐம்பதைத் தாண்டிய அம்மையார். ஒரே ஓர் அறை, கண்ணாடி பீரோக்கள், இரண்டு கம்ப்யூட்டர்கள். உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. "எப்படித் தேடினீங்க சார்?" என்று மட்டும் கேட்டார்.

"பாரதி, பெண்கள், கல்வி."

"அந்தக் காலத்து உரைநடையில 'ஸ்திரீகள்'னு இருக்குமே. 'மாதர்'னு போட்டுப் பாத்தீங்களா?"

போடவில்லை. இன்றைய தேடுபொறிகள் நாம் கேட்பதன் பொருளை ஓரளவு ஊகிக்கின்றன. ஆனால் நூறு வருடத்துக்கு முந்தைய தமிழ் எழுத்துக்கூட்டலை ஊகிப்பதில் அடிக்கடி தடுக்கி விழுகின்றன. தேட வேண்டியது என் சொல்லை அல்ல, எழுதியவரின் சொல்லை என்ற முதல் பாடம் அங்கே கிடைத்தது.

இரண்டாவது பாடம், சந்தி. இரட்டை மேற்கோள்குறிக்குள் ஒரு தொடரைக் கொடுத்தால் தேடுபொறி அதை அப்படியே தேடும். ஆங்கிலத்துக்கு அருமையான உபாயம். தமிழில் 'தமிழ்ப் பள்ளி', 'தமிழ் பள்ளி', 'தமிழ்ப்பள்ளி' மூன்றும் அதற்கு வெவ்வேறு. அதனால் நீண்ட தொடரைக் கொடுக்காமல், அதில் உள்ள அபூர்வமான ஒரு சொல்லைக் கொடுக்க வேண்டும். 'சைட்' என்று ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் ஓர் இணையதளத்தின் முகவரியைச் சேர்த்தால் தேடல் அந்தத் தளத்துக்குள்ளேயே நடக்கும். வேண்டாத சொல்லுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டால் அந்தச் சொல் உள்ள பக்கங்கள் ஒதுங்கிவிடும்.

இருபது நிமிடத்தில் மூல வரி அகப்பட்டது. ஆங்கிலத்தில் மெலிந்து, என் தமிழில் இன்னும் மெலிந்து, ஒரு நல்லுபதேசமாகிவிட்டிருந்த வரி, மூலத்தில் கோபமாக இருந்தது. நான் காணாமல் அடித்தது அந்தக் கோபத்தைத்தான்.

அதோடு அவர் நிற்கவில்லை. பீரோவைத் திறந்து அச்சுப் புத்தகத்தை எடுத்து, வரியை ஒப்பிட்டு, பக்க எண்ணைக் குறித்துக்கொண்டார். இணையம் இடத்தைக் காட்டும், சாட்சி சொல்ல வேண்டியது புத்தகம் என்பது அவர் கட்சி.

அவரிடம் ஒரு நீளமான நோட்டுப் புத்தகம் இருந்தது. எந்தக் கேள்விக்கு எங்கே போக வேண்டும் என்று பல வருடமாக எழுதிவந்தது. பழைய தமிழ் நூல்களின் எழுத்து வடிவத்துக்கு, 1998 பொங்கலன்று தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டம். பழைய பதிப்பின் பக்கங்களை உள்ளபடியே பார்க்க, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். பாரதியின் எழுத்துகள் 1949இல் நாட்டுடைமை ஆனதால் அவற்றை இணையத்தில் வைக்கத் தடையில்லை. ஆனால் படமாக மட்டும் இருக்கும் பக்கங்களுக்குள் சொல்லைத் தேட முடியாது. நூலின் பெயரும் ஆண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

அயல்நாட்டு நூலகப் பட்டியல்களுக்குத் தனிக் குறிப்பு வைத்திருந்தார். 'பொன்னியின் செல்வன்' படத்துக்கான விளம்பரத்தில் 'செ' என்பது எஸ்ஸில் தொடங்கும். அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் முறைப்படி சகரம் சி. இது தெரியாதவர் புத்தகமே இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்.

சின்னப் பிள்ளைகளுக்கு, பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர். பல மொழிகளில் படக்கதைகள், தமிழிலும் உண்டு. அச்சிட்டுக்கொடுக்க உரிமம் இருக்கிறது. காணாமல் போன இணையப் பக்கங்களுக்கு, இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷின். வாட்ஸ்அப்பில் வரும் புகைப்படம் உண்மையில் எப்போது, எங்கே எடுத்தது என்று துப்புத் துலக்க, படத்தைக் கொடுத்தே தேடும் டின்ஐ.

"ஏஐகிட்ட கேக்கறது இல்லையா?" என்றேன்.

"கேப்பேன் சார். எந்தெந்தச் சொல்லைப் போட்டுத் தேடலாம்னு கேப்பேன். பதில் கேக்க மாட்டேன். ஒருதடவை இல்லாத புத்தகத்துக்குப் பேரும் பதிப்பகமும் சொல்லிச்சு. நீங்க பண்ணினதைத்தான் அதுவும் பண்ணுது."

தலையைக் குனிந்துகொண்டேன். தெரியாத இடத்தை அழகான வாக்கியத்தால் நிரப்பியதில் எனக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் ஒன்று, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவது. கம்ப்யூட்டர் வந்தபின் அது நொடியில் நடக்கிறது. அவசரத்தில் நான் மிச்சம் பிடித்த நேரத்தை ஒரு வகுப்புப் பிள்ளைகள் பொய் வரியை மனப்பாடம் செய்து செலவழித்தார்கள். அதைத் தடுத்தது கருவி அல்ல, 'எந்தப் புத்தகம்?' என்று கேட்ட ஒருவர். பல பள்ளிகளில் நூலகம் என்பது பூட்டிய பீரோ. அங்கே எத்தனை கம்ப்யூட்டர் வைத்தாலும் அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் வேண்டுமே.

பத்திரிகையில் திருத்தம் வெளியிடச் சொன்னேன். வந்தது, சிறிய எழுத்தில்.

பலகையில் என் வரியை அழித்துவிடும்படி அம்மையாரிடம் கேட்டேன். மறுத்துவிட்டார். அதன் பக்கத்திலேயே மூல வரியை, நூலின் பெயரோடும் பக்க எண்ணோடும் எழுதவைத்தார். கீழே ஒரு கேள்வி: 'இந்த இரண்டில் பாரதி எழுதியது எது? எப்படிக் கண்டுபிடித்தாய்?'

முதலில் விடை கொண்டுவந்தது ஆறாம் வகுப்புச் சிறுமியாம். எனக்கு ஆகாதது அவளுக்கு ஒரு மதிய இடைவேளையில் ஆகியிருக்கிறது.