அருகில் போகும் கலை

அந்தமானின் ஸ்வராஜ் தீப், 2018 வரை ஹேவ்லாக் என்று வழங்கிய தீவு. ஸ்கூபா பழக வருகிறவர்கள் கரையோரமுள்ள நீமோ ரீஃபில் இறங்குகிறார்கள். தேர்ந்தவர்களைப் படகு டிக்சன்ஸ் பின்னக்கிள் போன்ற ஆழ்நீர்ப் பாறைமுகடுகளுக்குக் கொண்டுபோகிறது. எங்கே இறங்கினாலும் படமெடுக்க நினைப்பவரை முதலில் சோதிப்பது நிறம்.

கடல்நீர் சூரிய ஒளியின் சிவப்பைத்தான் முதலில் உறிஞ்சிவிடுகிறது. ஐந்தாறு மீட்டரிலேயே அது மங்கிவிடும். இருபது மீட்டர் ஆழத்தில் விரல் கீறி ரத்தம் வந்தால் பச்சை கலந்த கருமையாகத் தெரியும். ஆகவே வெளிச்சத்தைக் கையோடு கொண்டுபோக வேண்டும். 1926இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா கடலில் வில்லியம் லாங்லியும் சார்லஸ் மார்ட்டினும் கடலடியின் முதல் வண்ணப் படங்களை எடுத்தபோது, நீர்மேல் மிதவையில் மக்னீசியத் தூளைக் கொளுத்தினார்கள். இன்று கேமராவின் இருபுறமும் நீளும் ஃபிளாஷ் விளக்குகள் போதும்.

ஆனால் இரண்டு மீட்டர் தள்ளியிருக்கும் மீனிடம் ஃபிளாஷ் ஒளி போய்த் திரும்ப நான்கு மீட்டர் நீரைக் கடக்கிறது. சிவப்பு மறுபடியும் கரைகிறது. இடையில் மிதக்கும் துகள்கள் படமெங்கும் வெண்புள்ளிகளாகின்றன. கை எட்டும் தூரத்துக்குப் போவதே வழி. முகக்கண்ணாடி வழியே ஒளிவிலகலால் எல்லாம் கால்பங்கு கிட்டத்தில் தெரிவதால், நெருங்கிவிட்டதாக எண்ணிப் புதியவர் தள்ளியே நின்றுவிடுகிறார்.

நெருங்குவதற்கு மிதப்பு கைவர வேண்டும். மூச்சை இழுத்தால் உடல் சற்றே எழும், விட்டால் தாழும். அந்த அளவான மூச்சில்தான் பவளத்தின் மேல் படாமல் நிற்க முடியும். படம் அசையக் கூடாதென்று மூச்சை அடக்குவது ஆபத்து: அப்படியே மேலெழுந்தால் அழுத்தம் குறைந்து, அடைபட்ட காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். மிதப்பு பழகாதவர் கையில் கேமரா கொடுப்பது பவளத்துக்குச் செய்யும் தீங்கு. காலில் கட்டிய துடுப்பு ஒரு வீச்சில் ஒடிக்கும் கிளைப்பவளம் வளரப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். 2010இல் கடல் சூடேறி வெளுத்துத் துன்புற்ற அந்தமான் பவளத்திட்டுகளுக்கு இன்னோர் அடி வேண்டாம்.

அசையாமல் காத்திருப்பவரிடம் உயிர்கள் தாமே வருகின்றன. கடற்சாமந்திக்குள் பதுங்கிய கோமாளி மீன் சிறிது நேரத்தில் எட்டிப்பார்க்கும். துரத்துபவருக்கு வால்தான் கிடைக்கும்.

மேலேறுவதற்கும் நிதானம் வேண்டும். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல் எழுந்து, 5 மீட்டரில் மூன்று நிமிடம் தங்கினால் உடலில் கரைந்த நைட்ரஜன் பத்திரமாக வெளியேறும். பல நாள் மூழ்கியவர்கள் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் பொறுக்க வேண்டும். ஆகவே தீவின் கடைசி நாளைக் கரையிலேயே கழிப்பது நல்லது.