தானாகவா அச்சானது?

நாளிதழ் ஒன்றின் மதுரை அலுவலகத்தில் நான் உதவி ஆசிரியராகச் சேர்ந்த புதிது. ஓர் இரவு தேனிப் பக்கமிருந்து ஓர் இளைஞர் தொலைபேசியில் தன் தாத்தாவின் மறைவுச் செய்தியைச் சொன்னார். தாத்தா பெயரைத்தான் பேரனுக்கும் வைத்திருந்தார்கள். முன்னெழுத்து மட்டும் வேறு. தன் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் அவர் பேச்சைத் தொடங்கினார். என் கை அந்த முன்னெழுத்தையே எழுதிக்கொண்டது. மறுநாள் 'காலமானார்' பகுதியில் செத்துப்போயிருந்தவர் பேரன்.

டீக்கடையில் யாரோ பெயரை உரக்கப் படிக்க, ஊரே பதறியிருக்கிறது. "வயசு 78னு சரியாத்தானே சார் போட்டிருக்கோம்" என்றேன் செய்தி ஆசிரியரிடம். அவர் பதில் சொல்லாமல், திருத்தம் எழுதச் சொல்லித் தாளை நீட்டினார். 'முன்னெழுத்து தவறாக அச்சாகிவிட்டது. வருந்துகிறோம்' என்று எழுதிக் கொடுத்தேன். 'அச்சாகிவிட்டது' என்ற சொல்லைச் சுழித்தார்.

"ஏம்ப்பா, அது தானாவா அச்சாச்சு?"

அன்றிலிருந்து இந்த வினைச்சொற்களைக் கவனித்துவருகிறேன். நம் வீடுகளில் டம்ளரை யாரும் உடைப்பதில்லை, அது உடைந்துவிடுகிறது. அலுவலகங்களில் கோப்பு தொலைந்துவிடுகிறது. வாடிக்கையாளருக்குப் போகும் கடிதத்தில், மழை பெய்ததைப்போலத் தவறும் 'நேர்ந்துவிடுகிறது'. உடைந்தது என்பதை உடைத்தேன் என்றும், தொலைந்தது என்பதைத் தொலைத்தேன் என்றும் சொல்ல, நடுவில் ஒரு மெல்லினம் வல்லினமானால் போதும். அந்த ஒரு வல்லெழுத்துக்குத்தான் நாக்கு வளைவதில்லை. இத்தனைக்கும், பேருந்தில் அடுத்தவர்மேல் கால் பட்டுவிட்டால் சட்டென்று அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள் நாம். வண்டி குலுங்கியது என்று அப்போது காரணம் சொல்வதில்லை.

'தவறாக அச்சிட்டுவிட்டோம்' என்று மாற்றி எழுதினேன். "இதை நீயே நேர்ல போய்ச் சொல்லிட்டு வா" என்றார் செய்தி ஆசிரியர்.

துக்க வீட்டு வாசலில் பேரன் நின்றிருந்தார். அவரிடம்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பேருந்து முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். இரவு கடைசி நேரம், தொலைபேசியில் இரைச்சல் என்று காரணங்களும் கைவசம் இருந்தன. அவரோ லேசாகச் சிரித்து, "எனக்கு ஒண்ணுமில்லைண்ணே. அப்பத்தாவைப் பாருங்க" என்று உள்ளே கூட்டிப்போனார்.

சுவரில் சாய்ந்திருந்த அந்த அம்மாள் நான் சொன்னதையெல்லாம் கேட்டார். "பேரன் நூறு வருசம் இருப்பான், அது கெடக்கட்டும். எங்க வீட்டுக்காரர் பேரு பேப்பர்ல வர்றது இந்த ஒருதடவைதான்யா. அதையும் வேற பேராக்கிட்டீகளே."

ஒத்திகை பார்த்தது எதுவும் அங்கே உதவவில்லை. காயம் பட்டது யாருக்கு, எங்கே என்பதே தெரியாமல் மருந்தோடு போயிருக்கிறேன். "நான்தாம்மா தப்பா எழுதினேன்" என்று மட்டும் சொல்ல முடிந்தது.

பின்னாளில், நியூயார்க் டைம்ஸ் 1920இல் செய்த ஒரு தவறைப் பற்றிப் படித்தபோது அந்த அம்மாள் நினைவுக்கு வந்தார். வெற்றிடத்தில் ராக்கெட் இயங்காது என்று சொல்லி, ராக்கெட் ஆய்வாளர் ராபர்ட் கோடார்டுக்குப் பள்ளிக்கூட அறிவியலே தெரியவில்லை என்று அந்த நாளிதழ் தலையங்கப் பக்கத்தில் கேலி செய்திருந்தது. அப்பல்லோ 11 நிலவுக்குக் கிளம்பிய மறுநாள், 1969 ஜூலை 17 அன்று, தவறுக்கு வருந்துவதாகத் திருத்தம் வெளியிட்டது. கோடார்டு 1945லேயே இறந்துபோயிருந்தார். திருத்தம் அழகாகத்தான் இருந்தது. கேட்க வேண்டிய காது மட்டும் இல்லை.

அன்று துக்க வீட்டிலிருந்து ஊர் திரும்பியதும் செய்தி ஆசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். மூலையில் இரண்டு வரித் திருத்தத்தோடு நிறுத்தாமல், 'காலமானார்' பகுதியிலேயே பெரியவரின் செய்தியைச் சரியான பெயரோடு முழுதாக மறுபடி போட்டோம். அது அந்த அம்மாளுக்கு ஆறுதலாக இருந்ததா என்று கேட்க எனக்குத் துணிவில்லை. அதைக் கேட்பதும் என் ஆறுதலுக்காகத்தானே இருந்திருக்கும்.

இன்றும் யார் பெயர் சொன்னாலும் முன்னெழுத்தை இரண்டு முறை கேட்கிறேன். சிலர் எரிச்சல்படுகிறார்கள்.