கரண்ட் போன அன்று வந்த தப்பு

கொஸ்லந்த உறவுகளே, பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் தின வீடியோவைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் கேட்டீர்கள், "பழைய பொப் பாட்டுக்கு எதுக்கு சேர் தப்பு?" என்று. ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் போட நேரமில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் தப்பு எங்கள் யோசனையிலேயே இருக்கவில்லை. நாங்கள் மூன்று பேர்: நடன டீச்சர், கிட்டார் வாசிக்கும் விஞ்ஞான சேர், மூன்றாவது ஆள் இதை எழுதும் தமிழ் ஆசிரியர். எந்த விழா வந்தாலும் எங்கள் பிள்ளைகளுக்குக் கூடையை மாட்டிக் கொழுந்து நடனம் ஆடவிடுவதுதான் வழக்கம். தரம் 9 பிள்ளை ஒருத்தி கேட்டே விட்டாள்: "அம்மா மலையில செய்றதையே நாங்க மேடையிலயும் செய்யணுமா டீச்சர்?"

அதற்குப் பிறகுதான் பொப் பாட்டுப் பக்கம் போனோம். பொப்பிசைச் சக்கரவர்த்தி ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி', நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'. உங்களில் பலர் இலங்கை வானொலியில் கேட்டு வளர்ந்த பாட்டுகள். 'சுராங்கனி' சிங்களமும் தமிழும் கலந்தது, அடி பைலா அடி. பைலா என்பது போர்த்துக்கேயச் சொல், அர்த்தமே நடனம்தான். மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார், ஆனால் அந்தப் பாட்டு இன்னமும் நம் கல்யாண வீடுகளை விட்டுப் போகவில்லை. சிங்களப் பாட்டுக்குள் மின்கிட்டாரைக் கொண்டுவந்த முன்னோடி கிளரன்ஸ் விஜேவர்தன பிறந்தது பக்கத்து ஹப்புத்தளையில்தான் என்று விஞ்ஞான சேர் தினமும் ஒருமுறை ஞாபகப்படுத்துவார்.

நடன டீச்சர் போனில் ஒரு துண்டு காட்டினார். பீட்டில்ஸின் 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்' இசைத்தட்டு வெளியாகி 50 வருடம் ஆனதற்காக, அமெரிக்க நடன அமைப்பாளர் மார்க் மொரிஸ் 2017இல் லிவர்பூலில் 'பெப்பர்லாண்ட்' என்று ஒரு நடனம் மேடையேற்றினார். ரெக்கோர்டைப் போட்டு ஆடவில்லை. வாத்தியக்காரர்களே இருந்து வாசிக்க, அதற்கு ஆடினார்கள். பார்த்தோம், நல்லாயிருந்தது, பெருமூச்சு விட்டோம். எங்களிடம் இருந்தது ஒரு கிட்டாரும் ஒரு பென் டிரைவும். பென் டிரைவையே நம்பினோம்.

அசைவுகளைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். லயத்துக் குழாயடி வரிசை, பூனாகலை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவது, 'சின்ன மாமியே'வுக்குக் கதவிடுக்கில் எட்டிப் பார்ப்பது. பரதமும் இல்லை, சினிமா டான்ஸும் இல்லை. அந்தத் தரம் 9 பிள்ளையை இதில் சேர்க்கத்தான் பெரும்பாடு. போன வருடம் அவளுக்கு மேடையில் அடி தவறியது. பாட்டு அது பாட்டுக்கு ஓடியது. பிள்ளை நடுவில் நின்று அழுதுவிட்டு இறங்கி ஓடினாள். பிறகு எந்த நிகழ்ச்சிக்கும் பெயர் கொடுக்கவில்லை.

ஒக்டோபர் நெருங்க மழை பிடித்தது. 2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தவில் மலை சரிந்த பிறகு, இந்த மாதத்து மழைச் சத்தம் கேட்டால் நம் ஊரில் எந்தத் தாயும் பிள்ளையைப் பாடசாலையில் தாமதிக்க விடமாட்டாள். ஒத்திகைக்குக் கிடைப்பது முக்கால் மணித்தியாலம். அதிலும் கரண்ட் போய்விடும். மூன்றாம் முறை கரண்ட் போன அன்று, பேரனைக் கூட்டிப்போக வந்து வாசலில் குடையோடு நின்ற பெரியவர் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "சேர், தப்பு கரண்ட்ல ஓடாதுங்க."

போனில் 'சுராங்கனி'யை இரண்டு தரம் கேட்டார். "கிட்டத்தட்ட நம்ம அடிதாங்க" என்றார். மறுநாள் தப்போடு வந்தார்.

ஈரத்தில் தப்பின் தோல் தளர்ந்துவிடும். நெருப்பில் காய்ச்சி இறுக்கினால்தான் சத்தம் எழும்பும். மண்டபத்துக்குப் பின்னால் பழைய பத்திரிகையைக் கொளுத்திக் காய்ச்சினோம். புகையைக் கண்டு அதிபர் ஓடி வந்தது தனிக் கதை.

எதிர்ப்பும் வந்தது. "தப்புக்கு எம் புள்ள ஆடுறதா, இது என்ன சாவு வீடா?" என்று ஒரு தாய். அந்தக் காலத்தில் விடியமுன் பெரட்டுக்கு ஆளெழுப்பியதும் தப்பு, மாசியில் காமன் கூத்துக்கும் தப்பு, திருவிழாவுக்கும் தப்பு. ஆனால் அந்தத் தாய்க்கு ஞாபகம் வந்தது சாவு மட்டும். இதற்குப் பின்னால் இருப்பது சாதி. நம் எல்லோருக்கும் தெரியும், வாய்விட்டுச் சொல்வதில்லை. பெரியவரின் பேரனும் ஒத்திகை நடந்த நாட்களில் மண்டபத்துப் பக்கமே வரவில்லை.

ஜும்ஆ முடிந்து வரும்போது நம்மவர் ஒருவரும் கேட்டார், "சேர், நீங்களும் இதுல நிக்கிறீங்களா?" கோபம் இல்லை, கவலை. உடுப்பு, அசைவு எல்லாம் பார்த்துத்தான் ஒத்துக்கொண்டோம் என்றோம். பக்கீர்மார் றபான் தட்டிப் பாடி வருவதை அவரும் சின்ன வயதில் பார்த்தவர்தான், அதை ஞாபகப்படுத்தினோம். சிரித்தார். முழுதாக ஒத்துக்கொண்டார் என்று சொல்லமாட்டோம்.

விழா அன்று இரண்டாம் பாட்டில் அந்தப் பிள்ளை வழுக்கி விழுந்தாள். எங்களுக்கு உயிரே போய்விட்டது. பெரியவர் நிறுத்தவில்லை, வேகத்தைக் கூட்டவும் இல்லை. அதே அடியைத் திரும்பத் திரும்ப அடித்தார். விஞ்ஞான சேரின் கிட்டாரும் அதைப் பிடித்துக்கொண்டது. மற்றப் பிள்ளைகள் குழாயடி வரிசையிலேயே ஆடிக்கொண்டு நின்றார்கள். அவள் எழும்பி, பாவாடையைத் தட்டி, அடுத்த சுற்றுக்குச் சரியாக உள்ளே வந்தாள். விழுந்ததும் நடனத்தில் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டினீர்கள். இல்லை, உண்மையிலேயே விழுந்தாள். பிறகு பெரியவரிடம் கேட்டதற்கு, "புள்ள எந்திரிக்கிற வரைக்கும் அடிக்கத்தானேங்க வேணும்" என்றார், நாங்கள் ஏதோ புதினம் கேட்டதுபோல.

ஒரு விஷயத்தை மறைக்க விருப்பமில்லை. விருந்தினர் தேநீருக்கு அவரையும் கூப்பிட்டோம். கோப்பையை வாங்கிக்கொண்டு வெளியே போய் நின்று குடித்தார். உள்ளே நாற்காலி காலியாகத்தான் இருந்தது. எங்கள் மூன்று பேருக்கும் அது கண்ணில் பட்டது அவர் வெறும் கோப்பையைத் திருப்பித் தந்தபோதுதான்.

வருட இறுதிக் கலைவிழாவுக்கு அவரை மறுபடி கேட்டிருக்கிறோம். மழை விட்டால் புதன்கிழமை பாடசாலை முடிந்ததும் ஒத்திகை. அந்தத் தாயின் மகளும் வருகிறாள். பேரன் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. யார் வீட்டிலாவது தோல் கிழியாத போங்கோ இருந்தால் இரவல் தாருங்கள். பழைய பத்திரிகைகளும் வேண்டும், தப்புக் காய்ச்ச. அதிபரிடம் இந்த முறை முன்கூட்டியே சொல்லிவிட்டோம்.