புத்தகம் வாங்கப் புறப்பட்டோம்!

கத்திரிக்காய் வாங்கினால் காம்பைப் பார்க்கிறோம். மண்சட்டி வாங்கினால் சுண்டிப் பார்க்கிறோம். பட்டுப்புடவை என்றால் கேட்கவே வேண்டாம்; முந்தானையைப் பிரித்து, ஜரிகையைத் தடவி, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்து, கடைக்காரரை ஒரு வழி பண்ணிவிட்டுத்தான் பணத்தை எடுக்கிறோம். ஆனால் புத்தகம் என்று வந்துவிட்டால் மட்டும் நம்மில் பலர் அட்டைப் படத்தைப் பார்த்ததுமே பையில் போட்டுக்கொண்டு விடுகிறார்கள்!

கதைப் புத்தகமென்றால் பாதகமில்லை. பிடிக்காவிட்டால் மூடி வைத்துவிடலாம். சமையல், தையல், குழந்தை வளர்ப்பு, வீட்டு வைத்தியம், அகராதி இவையெல்லாம் அப்படியல்ல. அரிவாள்மணை மாதிரி இவையும் வீட்டுச் சாமான்தான். வெட்டாவிட்டால் காசு தண்டம். கையை வெட்டிவிட்டாலோ அதைவிட ஆபத்து!

என் நாத்தனார் மகளுக்கு இது தலைப்பிரசவம். ஐந்தாம் மாதம். "அத்தை, ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. பாட்டி ஒண்ணு சொன்னா, பக்கத்து வீட்டு அக்கா வேற சொல்றாங்க. நல்லதா ஒரு புஸ்தகம் இருந்தா அதைப் பார்த்து நடந்துக்குவேன்" என்றாள். நியாயமான ஆசைதானே! வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து நான் சேர்த்து வைத்திருந்தது 1500 ரூபாய். பொங்கல் விடுமுறையில் சென்னைப் புத்தகக் காட்சி நடந்துகொண்டிருந்தது. செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலேறி, சைதாப்பேட்டையில் இறங்கி, நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அடேயப்பா! புத்தகக் கடலென்றால் அதுதான். 1977-ல் அண்ணா சாலையில் ஒரு பள்ளிக்கூட வளாகத்தில் சிறிய அளவில் தொடங்கிய கண்காட்சியாம் இது. இன்று வரிசை வரிசையாக, ஒரு கோடியில் நின்றால் மறுகோடி தெரியாதபடி பந்தல். கையில் பையும் இடுப்பில் குழந்தையுமாக எத்தனை பெண்கள்! வெளியே மேடையில் சொற்பொழிவு. ஒரு பக்கம் பஜ்ஜி வாசனை. பத்து சதவிகிதம் கழிவு வேறு தருகிறார்கள். கூட்டமும் கழிவும் சேர்ந்தால் நம் கை தானாகவே பர்ஸுக்குள் போகும். அதனால்தான் கடைக்குள் நுழையும் முன்பே அவளிடம் சொல்லி வைத்தேன்: "முதல்ல உனக்கு நல்லாத் தெரிஞ்ச விஷயம் இருக்கிற பக்கத்தைப் பிரி. தெரிஞ்சதை ஒழுங்காச் சொல்லியிருந்தாத்தான் தெரியாததை நம்பலாம்."

முதலில் சமையல் புத்தகங்கள். வழவழப்பான தாளில், பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படத்துடன் ஒன்று. விலை 450 ரூபாய். நாங்கள் மைசூர்பாகு பக்கத்தைப் பிரித்தோம். "தேவையான அளவு சர்க்கரை, தேவையான அளவு நெய். நல்ல பதம் வந்ததும் இறக்கவும்" என்று போட்டிருந்தது.

"நல்ல பதம்னா என்னன்னு தெரிஞ்சா நான் ஏன் அத்தை புஸ்தகம் வாங்கறேன்?" என்றாள் அவள். கடைக்காரப் பையனே சிரித்துவிட்டான்.

அவள் கேட்டது சரியான கேள்வி. ஒரு சமையல் புத்தகத்தில் நான்கு விஷயம் இருக்க வேண்டும். அளவு இருக்க வேண்டும். எத்தனை பேருக்கு என்று இருக்க வேண்டும். வெந்துவிட்டது, பதம் வந்துவிட்டது என்பதற்குக் கண்ணுக்கும் கைக்கும் தெரிகிற அடையாளம் சொல்ல வேண்டும். கெட்டுப்போனால் என்ன செய்வது என்றும் ஒரு வரியாவது வேண்டும். படம் இருந்தால் நல்லதுதான். ஆனால் படத்தில் மிதக்கிற முந்திரி செய்முறையில் இல்லையென்றால் அந்தப் படம் வேறெங்கோ எடுத்து ஒட்டியது என்று அர்த்தம்!

எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951-ல் வந்த புத்தகம். கையில் கரண்டி பிடிக்காத பெண்ணுக்கும் புரியவேண்டும் என்று அவருடைய மாமா தூண்ட, அந்த அம்மாள் எழுதியது. இத்தனை வருஷம் கழித்தும் கல்யாணப் பெண்ணுக்குச் சீரோடு வைத்துக் கொடுக்கிறார்களே, ஏன்? படத்துக்காகவா? பழைய பதிப்புகளில் பலம், ஆழாக்கு, படி என்று அந்தக் காலத்து அளவுகள்தான். ஆனாலும் அளவு அளவுதான். ஒரு பலம் என்பது சுமார் 35 கிராம், எட்டு ஆழாக்கு ஒரு படி என்று ஒரு சீட்டில் எழ்திப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டால் போதும். பழைய அளவை மாற்றிக்கொள்ளலாம். 'தேவையான அளவை' எதைக்கொண்டு மாற்றுவது?

தையல் புத்தகத்துக்கும் இதே சோதனைதான். ரவிக்கை வெட்டும் படத்தை எடுங்கள். மார்பளவு, தோள், கைக்குழி எல்லாம் எண்ணாகப் போட்டு, தையலுக்கு விடவேண்டிய துணி எவ்வளவு என்றும் சொல்லியிருக்கிறதா? இல்லையென்றால் அதை நம்பித் துணியில் கத்தரி வைக்காதீர்கள்.

அடுத்த வரிசையில் வைத்தியப் புத்தகங்கள். இங்கேதான் கூட்டம் அதிகம். '48 நாளில் சர்க்கரை நோய்க்கு விடுதலை' என்று ஒன்று. எல்லா நோய்க்கும் ஒரே கீரை என்று இன்னொன்று. எந்த வியாதிக்கும் "இந்த அறிகுறி வந்தால் உடனே டாக்டரிடம் போ" என்று ஒரு இடத்தில்கூடச் சொல்லாத வைத்தியப் புத்தகத்தை நான் வாங்க மாட்டேன். தன் எல்லை தெரிந்த புத்தகம்தான் நம்பத் தகுந்தது.

இதற்கென்று நான் மூன்று பக்கங்கள் வைத்திருக்கிறேன். நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, தீக்காயம். சுட்ட இடத்தைக் குழாயில் ஓடும் குளிர்ந்த தண்ணீரில் இருபது நிமிடம் காட்டவேண்டும் என்று இருந்தால் சரி. இங்க் தடவு, பற்பசை தடவு, வெண்ணெய் தடவு என்றிருந்தால் அப்படியே கீழே வைத்துவிடுங்கள்.

இரண்டு, குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. தாய்ப்பாலை நிறுத்தாதே, ஓ.ஆர்.எஸ். கொடு என்று இருக்க வேண்டும். வீட்டிலேயே கரைப்பதானால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு ஆறு தட்டை டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இந்தக் கணக்கு தவறாக அச்சாகியிருந்தால் விளையாட்டல்ல. உப்பு கூடினால் குழந்தைக்குக் கெடுதல்.

மூன்று, தேன். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடாது என்பது இன்றைய மருத்துவம். பிறந்ததும் நாக்கில் தேன் தொட்டு வைக்கச் சொல்லும் புத்தகம், பெரியவர்கள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறதே தவிர, டாக்டரைக் கேட்டு எழுதவில்லை.

இந்த மூன்றிலும் தேறிய கர்ப்பகாலப் புத்தகம் ஒன்றே ஒன்று கிடைத்தது. ஒரு மகப்பேறு டாக்டர் தமிழில் எழுதியது. அட்டையில் படம்கூடச் சுமார்தான். விலை 250, கழிவு போக 225 ரூபாய். அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு வந்ததைப் பார்க்க வேண்டுமே!

பிறகு அகராதிகள். என் சின்ன மகனுக்காகப் பார்த்தேன். அகராதி வாங்கும்போது மூன்று சொற்களைத் தேடிப் பாருங்கள். நன்றாகத் தெரிந்த சொல் ஒன்று, போன வாரம் பத்திரிகையில் படித்துப் புரியாமல் போன சொல் ஒன்று, அடுப்படியில் புழங்கும் சொல் ஒன்று. மூன்றில் இரண்டாவது கிடைக்க வேண்டும். பொருள் மட்டும் போதாது. அந்தச் சொல்லை எப்படி வாக்கியத்தில் வைப்பது என்றும் காட்ட வேண்டும். 1992-ல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி அப்படி எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு, தமிழிலும் ஆங்கிலத்திலும் பொருள் சொல்லும். விலை அதிகம்தான். ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளை இருக்கும் வீட்டில் பல வருஷம் உழைக்கும்.

கலைக்களஞ்சியம் வாங்கித் தரச் சொல்லிப் பையன் கேட்டிருந்தான். பெரியசாமித் தூரன் தலைமையில் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த தமிழ்க் கலைக்களஞ்சியமும், அதன் பின் வந்த குழந்தைகள் கலைக்களஞ்சியமும் இப்போது தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் காசில்லாமல் படிக்கக் கிடைக்கின்றன. செல்போனில் காட்டினால் போயிற்று! சும்மா கிடைப்பதற்குக் காசு கொடுக்காமலிருப்பதும் ஒரு சிக்கனம்தான்.

மறுவாரம் நான் மட்டும் எழும்பூருக்குப் போனேன். அவளை அலைக்கழிக்க மனமில்லை. ரயிலடியிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், மியூசியம் வளாகத்தில் இருக்கிறது கன்னிமாரா பொது நூலகம். 1896-ல் திறந்தது. 1954-ம் வருஷத்துச் சட்டப்படி, இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி வந்து சேரவேண்டிய நான்கு நூலகங்களில் இதுவும் ஒன்று. 450 ரூபாய் கொடுத்து வாங்கலாமா வேண்டாமா என்று தவிக்கிற புத்தகத்தை இங்கே உட்கார்ந்து, மின்விசிறிக் காற்றில், நிதானமாகப் புரட்டிப் பார்க்கலாம். சென்னைக்கு வரமுடியாதவர்களுக்கு அவரவர் ஊர்க் கிளை நூலகம் இருக்கவே இருக்கிறது. இரண்டு முறை இரவல் வாங்கிய பிறகும் மூன்றாம் முறை தேடத் தோன்றினால், அது நம் வீட்டில் இருக்கவேண்டிய புத்தகம்!

அங்கிருந்து பஸ் பிடித்துத் திருவல்லிக்கேணி. என் அம்மா காலத்தில் பழைய புத்தகமென்றால் மூர் மார்க்கெட்தான். அது 1985-ல் தீப்பிடித்து எரிந்துபோயிற்று. பாரதி சாலை நடைபாதையில் இன்றும் பழைய புத்தகங்களை மலையாகக் குவித்து வைத்திருக்கிறார்கள். புரட்டப் புரட்டத் தும்மல் வரும். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தேட வேண்டும். கோலப் புத்தகம் ஒன்று 30 ரூபாய்க்குக் கிடைத்தது. குரோஷா பின்னல் புத்தகம் 50 ரூபாய். கோலத்துக்கும் பின்னலுக்கும் வயதாவதில்லை. எத்தனை பழசானாலும் புள்ளி புள்ளிதான், கண்ணி கண்ணிதான்.

அப்போதுதான் கண்ணில் பட்டது, கெட்டி அட்டை போட்ட ஆங்கிலக் குழந்தை வளர்ப்புப் புத்தகம். தடிமனாக, அழகழகான படங்களோடு. "எண்பது ரூபா குடுங்கக்கா, வெளியில ஐந்நூறு" என்றார் கடைக்காரர். எனக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் வரும். ஆனாலும் 'தூக்கம்' என்ற பகுதியைத் தேடி எடுத்தேன். பச்சைக் குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்கச் சொல்லியிருந்தது. பேசாமல் மூடி வைத்துவிட்டேன்.

ஏன் என்று கேட்பீர்கள். அந்தக் காலத்தில் மேல்நாட்டு டாக்டர்களே அப்படித்தான் சொன்னார்கள். 1946-ல் அமெரிக்க டாக்டர் பெஞ்சமின் ஸ்பாக் எழுதிய குழந்தை வளர்ப்பு நூல் உலகமெல்லாம் விற்றது. 1950-களின் பிற்பகுதியிலிருந்து வந்த அதன் பதிப்புகளிலும் குப்புறப் படுக்க வைக்கும் யோசனை இருந்தது. பிற்பாடு ஆராய்ந்து பார்த்ததில், குப்புறத் தூங்கும் கைக்குழந்தைகள் தூக்கத்திலேயே திடீரென்று இறந்துபோவது அதிகம் என்று தெரிந்தது. 1990-களில் நாடு நாடாக, குழந்தையை மல்லாத்தித்தான் தூங்க வைக்க வேண்டும் என்று பிரசாரம் செய்தார்கள். அந்த மரணங்களும் வெகுவாகக் குறைந்தன. புதிய பதிப்புகளில் திருத்திவிட்டார்கள். ஆனால் நடைபாதைக்கு வந்த பழைய பிரதிகளை யார் திருத்துவது?

தடுப்பூசி அட்டவணையும் அப்படித்தான். ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசியாகப் போடும் பென்டாவேலன்ட் தடுப்பூசி தமிழ்நாட்டு அரசுத் திட்டத்தில் சேர்ந்தது 2011-ன் கடைசியில். அதற்கு முன்னால் அச்சான தமிழ்ப் புத்தகத்தில் அதை எதிர்பார்க்க முடியுமா? சத்துணவுப் புத்தகங்களில் வரும் இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்துக் கணக்கெல்லாம் பெரும்பாலும் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 1971-ம் வருஷத்து அட்டவணையிலிருந்து எடுத்தவை. அந்த நிறுவனமே 2017-ல் உணவுகளைப் புதிதாகச் சோதித்து வேறு அட்டவணை வெளியிட்டுவிட்டது.

ஆகவே உள்ளட்டையைத் திருப்பி வருஷத்தைப் பாருங்கள். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 'மறுபதிப்பு 2022' என்றால் பழையதையே மறுபடி அச்சடித்தது. 'திருத்திய பதிப்பு' என்று போட்டிருந்தால்தான் உள்ளே மாற்றியிருக்கிறார்கள். கோலத்துக்கு வருஷம் வேண்டாம். குழந்தைக்கு வருஷம்தான் முக்கியம்.

வீடு திரும்பியதும் அவளுக்குப் போன் செய்து சொன்னேன்.

"அப்போ குழந்தை வளர்ப்புக்குப் புஸ்தகம் கிடைக்கலையா அத்தை?"

"உன் கையிலேயே ஒண்ணு இருக்கே! ஆரம்ப சுகாதார நிலையத்துல குடுத்தாங்களே, தாய் சேய் அட்டை, அதை எடுத்துப் படி. ஊசி போடற நாள், குழந்தையோட எடை வளர வேண்டிய கோடு, எந்த அறிகுறிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடணும், எல்லாம் அதுல இருக்கு. காசில்லாம குடுத்ததுன்னு அலமாரிக்கு அடியில போட்டுடாதே."

1500 ரூபாயில் 225-க்கு அவள் புத்தகம். கோலமும் குரோஷாவும் சேர்த்து 80. ரயில், பஸ், பஜ்ஜி, காப்பி போக மிச்சமிருப்பதைத் தனியாக முடிந்து வைத்திருக்கிறேன். அகராதிக்கு இன்னும் கொஞ்சம் சேர வேண்டும். அடுத்த பொங்கலுக்குள் சேர்ந்துவிடும்.